முதல் நஷ்டத்தை யார் தாங்குவது? - வேகமாக வளர்ந்த நிறுவனங்களின் வரலாறு

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பாலோ ஆல்டோ என்று ஓர் ஊர். அங்கே அடிசன் அவென்யூவில் 367ஆம் எண் வீட்டின் பின்புறம் ஒரு சிறிய கார் ஷெட் இருக்கிறது. வில்லியம் ஹியூலெட், டேவிட் பேக்கார்ட் என்ற இரண்டு நண்பர்கள் 538 டாலர் முதல் போட்டு 1939ல் கம்பெனி தொடங்கிய இடம் அது. 'சிலிக்கான் பள்ளத்தாக்கின் பிறப்பிடம்' என்று அங்கே பலகை வைத்திருக்கிறார்கள். சுயமுன்னேற்றப் புத்தகங்களில் இந்த ஷெட் அடிக்கடி வரும். கையில் காசில்லை, மனதில் துணிச்சல் இருந்தது, உழைத்தார்கள், ஜெயித்தார்கள் என்று கதை முடிந்துவிடும்.

இந்தக் கதையில் விட்டுப்போகும் ஒருவர் ஃப்ரெட் டெர்மன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இந்த இருவருக்கும் பாடம் எடுத்த பேராசிரியர். ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பேக்கார்டை, ஆராய்ச்சி உதவித்தொகைக்கு ஏற்பாடு செய்து திரும்ப வரவழைத்தவர் அவர்தான். ஆரம்பகால வாடிக்கையாளர்களில் ஒருவர் வால்ட் டிஸ்னி. 'ஃபேன்டேசியா' படத்தின் ஒலி அமைப்புக்காக அவரது ஸ்டூடியோ எட்டு மின்கருவிகளை வாங்கியது. பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது, ராணுவ ஆர்டர்கள் குவிந்தன. துணிச்சல் இருந்தது உண்மைதான். ஆனால் அதற்குத் தாங்கலாகப் பலரும் பக்கத்தில் இருந்தார்கள்.

துணிந்தவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். வட்டிக்கு வாங்கித் தள்ளுவண்டி போடுகிறவருக்கும், மனைவியின் நகையை அடகு வைத்து லேத் பட்டறை திறப்பவருக்கும் துணிச்சல் குறைவா என்ன? சொல்லப்போனால், சுயதொழில் செய்பவர்களின் விகிதம் பணக்கார நாடுகளை விட ஏழை நாடுகளில்தான் அதிகம். அப்படியிருந்தும் சில ஆண்டுகளிலேயே பத்துப் பேரிலிருந்து ஆயிரம் பேராக வளரும் நிறுவனங்கள் உலகத்தில் சில ஊர்களில் மட்டும் கூட்டமாகப் பிறந்திருக்கின்றன. ஏன்?

எது 'வேக வளர்ச்சி'?

பணக்கார நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஇசிடி இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. தொடக்கத்தில் குறைந்தது 10 பேராவது வேலை பார்க்கும் ஒரு நிறுவனம், தொடர்ந்து மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 20 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தால் அது வேக வளர்ச்சி நிறுவனம். எந்த நாட்டிலும் இப்படிப்பட்டவை மிகக் குறைவு. ஆனால் புதிதாக உருவாகும் வேலைகளில் பெரும்பங்கு இந்தச் சில நிறுவனங்களிலிருந்தே வருகிறது. அதனால்தான் அரசாங்கங்கள் இவற்றின் பின்னால் ஓடுகின்றன.

இந்த வளர்ச்சிக்கு ஒரு விலை உண்டு. லாபம் வருவதற்கு முன்பே ஆளெடுக்க வேண்டும், இயந்திரம் வாங்க வேண்டும். தப்பினால் மொத்தமும் போய்விடும். அந்த முதல் நஷ்டத்தைத் தொடங்கியவரின் குடும்பமே தாங்க வேண்டும் என்றால், புத்திசாலியான ஆள் சின்னதாக, பத்திரமாகத்தான் தொழில் செய்வார். ஆகவே ஒவ்வொரு நாட்டின் வரலாற்றிலும் தேட வேண்டிய கேள்வி இது: முதல் நஷ்டத்தை யார் ஏற்றுக்கொண்டார்கள், எந்த முறையில் ஏற்றுக்கொண்டார்கள்?

அமெரிக்கா - இரண்டு ஊர்களின் கதை

வென்ச்சர் கேபிடல் எனப்படும் துணிகர முதலீட்டை ஒரு தொழிலாக ஆரம்பித்தது கலிஃபோர்னியா அல்ல, பாஸ்டன். ஹார்வர்டு பேராசிரியர் ஜார்ஜஸ் டோரியோ, எம்ஐடியின் தலைவர் கார்ல் காம்ப்டன் ஆகியோர் சேர்ந்து 1946ல் ஏஆர்டி என்ற முதலீட்டு நிறுவனத்தை அமைத்தார்கள். 1957ல் இரண்டு எம்ஐடி பொறியாளர்கள் தொடங்கிய டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனிக்கு ஏஆர்டி 70,000 டாலர் கொடுத்து 70 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. அந்தப் பங்கின் மதிப்பு பிற்பாடு பல கோடி டாலராக உயர்ந்தது. கடன் கொடுத்து வட்டி வாங்கும் வங்கிக்கு இந்த மாதிரி லாபம் கிடைக்காது. பங்கு வாங்கியவர் தோல்வியில் பணத்தை இழக்கிறார். அதே சமயம் வெற்றியில் பங்கு கேட்கிறார். தொடங்கியவரின் வீடு ஜப்திக்குப் போவதில்லை.

அதே 1957ல் கலிஃபோர்னியாவில் இன்னொரு சம்பவம். டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான வில்லியம் ஷாக்லியின் கம்பெனியிலிருந்து எட்டு இளைஞர்கள் மொத்தமாக வெளியேறினார்கள். ஃபேர்சைல்டு என்ற கேமரா கம்பெனி பணம் போட, ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் பிறந்தது. அவர்களுக்குக் கிடைத்த முதல் ஆர்டர் ஐபிஎம்மிடமிருந்து வந்தது. பி-70 போர் விமானத்தின் கணினிக்காக, ஒன்று 150 டாலர் விலையில் 100 டிரான்சிஸ்டர்கள்! 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தயாரான ஐசி சில்லுகளில் பெரும்பகுதியை ஏவுகணைகளுக்கும் அப்பல்லோ விண்கலத்துக்கும் அரசுதான் வாங்கியது. வெளிச்சந்தையில் வாங்க ஆளில்லாத விலையில் அரசு வாங்கியதால், விலை இறங்கும்வரை இந்த நிறுவனங்களால் தாக்குப்பிடிக்க முடிந்தது.

முதலீட்டுப் பக்கத்திலும் அரசின் கை உண்டு. சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவிய அதிர்ச்சிக்குப் பிறகு, சிறு தொழில்களில் முதலீடு செய்யும் தனியார் நிறுவனங்களுக்கு அரசுக் கடன் கொடுக்க 1958ல் சட்டம் வந்தது. அப்படிக் கடன் பெற்ற பல நிறுவனங்கள் தோற்றுப்போயின. 1979ல் ஓய்வூதிய நிதிகளும் தங்கள் பணத்தில் ஒரு பகுதியைத் துணிகர முதலீட்டில் போடலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. அதற்குப் பிறகுதான் பணம் வெள்ளமாக வந்தது.

சரி, பாஸ்டனில் பணம் இருந்தது, எம்ஐடி இருந்தது, ராணுவ ஆர்டரும் இருந்தது. பிறகு எப்படி கலிஃபோர்னியா முந்தியது? அன்னலீ சாக்சீனியன் என்ற ஆய்வாளர் 1994ல் இந்த இரண்டு ஊர்களையும் ஒப்பிட்டு ஒரு புத்தகமே எழுதினார். பாஸ்டன் பக்கத்து கம்பெனிகள் எல்லாவற்றையும் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்ட கோட்டைகள். கலிஃபோர்னியாவில் ஆட்கள் கம்பெனி விட்டுக் கம்பெனி மாறிக்கொண்டே இருந்தார்கள். அவர்களோடு அறிவும் நகர்ந்தது.

இதற்குச் சட்டமும் துணை நின்றது. 'வேலையை விட்டால் போட்டி நிறுவனம் நடத்த மாட்டேன்' என்று ஊழியர் எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் கலிஃபோர்னியாவில் 1872ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே பெரும்பாலும் செல்லாது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அது செல்லும். 2018ல்தான் அதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் வந்தன. ஃபேர்சைல்டை விட்டு வந்தவர்கள் 1968ல் இன்டெல்லையும் 1969ல் ஏஎம்டியையும் தொடங்கினார்கள். அந்த எட்டுப் பேரில் ஒருவரான யூஜின் கிளைனர் 1972ல் முதலீட்டு நிறுவனமே தொடங்கிவிட்டார். தோற்றாலும் பக்கத்துத் தெருவில் வேலை கிடைக்கும் என்பதும் ஒரு காப்பீடுதான். ஒரு காலத்தில் ஐபிஎம்முக்கே சவால் விட்ட டிஜிட்டல் எக்விப்மென்ட், கடைசியில் 1998ல் காம்பேக்கிடம் விலை போனது.

ஜெர்மனி - நல்ல எண்ணம், தவறான கணக்கு

அப்படியானால் நஷ்டத்தை அரசு ஏற்றுக்கொண்டால் போதுமா? 1975ல் மேற்கு ஜெர்மனி இதைத்தான் செய்து பார்த்தது. 29 வங்கிகள் சேர்ந்து டபிள்யூஎஃப்ஜி என்ற துணிகர முதலீட்டு நிறுவனத்தை அமைத்தன. நஷ்டம் வந்தால் 75 சதவீதம் வரை அரசு ஈடுகட்டும் என்று உறுதி. கேட்பதற்குப் பிரமாதமாக இருக்கிறது அல்லவா?

இங்கேதான் சிக்கல். அந்த நிறுவனம் போட்ட முதலீட்டைத் தொழில் தொடங்கியவரே, அசலோடு மிதமான வட்டி சேர்த்துக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம். நன்றாக ஓடும் கம்பெனியை அதன் முதலாளி வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஓடாத கம்பெனி முதலீட்டாளர் தலையில் நிற்கும். நஷ்டத்தில் முக்கால்வாசியை அரசு தருகிறது, லாபத்தில் பெரிதாக எதுவும் வராது என்றால், நல்ல தொழிலைத் தேடிப் பிடித்து அதை வளர்க்க யாருக்கு ஆர்வம் வரும்? முயற்சி தோல்வியில் முடிந்தது. ஜெர்மனியில் பொறியாளர்களுக்கோ பணத்துக்கோ பஞ்சமில்லை. கணக்குதான் தவறு.

இஸ்ரேல் - ஒரே நாடு, இரண்டு பரிசோதனைகள்

இதே பாடத்தை இஸ்ரேல் ஓரிரு ஆண்டுகளிலேயே கற்றுக்கொண்டது. 1987 ஆகஸ்டில் லாவி என்ற போர் விமானத் திட்டத்தை அந்நாட்டு அமைச்சரவை 12க்கு 11 என்ற ஓட்டில் கைவிட்டது. ஆயிரக்கணக்கான பொறியாளர்களும் தொழிலாளர்களும் வேலை இழந்தார்கள். 1990க்குப் பிறகு சோவியத் யூனியனிலிருந்து லட்சக்கணக்கானோர் குடியேறினார்கள். அவர்களிலும் பொறியாளர்கள், விஞ்ஞானிகள் ஏராளம். படித்தவர்கள் குவிந்து கிடக்கிறார்கள், வேலை இல்லை. ஏற்கனவே ராணுவத் தொழில்நுட்பப் பிரிவுகளில் பயிற்சி பெற்ற இளைஞர்கள் வேறு.

1992ல் அரசு இன்பால் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. பங்குச்சந்தையில் பணம் திரட்டும் துணிகர முதலீட்டு நிதிகளுக்கு 70 சதவீத உத்தரவாதம். நான்கு நிதிகள் உருவாயின; எதுவும் சோபிக்கவில்லை.

1993ல் வந்தது யோஸ்மா. எபிரேய மொழியில் 'முன்முயற்சி' என்று பொருள். மொத்தம் 10 கோடி டாலர் அரசுப் பணம். இதில் 8 கோடியைப் பத்து நிதிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு நிதியிலும் அரசு 80 லட்சம் டாலர் வரை, அதாவது 40 சதவீதம் வரை போடும். மீதியைத் தனியார் போட வேண்டும், அனுபவமுள்ள ஒரு வெளிநாட்டு முதலீட்டு நிறுவனத்தைக் கூட்டாளியாகச் சேர்க்க வேண்டும். நஷ்டத்துக்கு உத்தரவாதம் எதுவும் கிடையாது. ஆனால் நிதி நன்றாகப் போனால், ஐந்து ஆண்டுகளுக்குள் அரசின் பங்கை ஏறக்குறைய அசலும் வட்டியும் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

ஜெர்மனியின் திட்டத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். அங்கே நஷ்டத்துக்கு மெத்தை, லாபத்துக்குக் கூரை. இங்கே அரசும் கூடவே நின்று நஷ்டப்படத் தயாராக இருந்தது. லாபத்தை மட்டும் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்தது. பத்து நிதிகளில் எட்டு, அரசின் பங்கை வாங்கிக்கொண்டன. மிராபிலிஸ் என்ற சின்னக் கம்பெனி 1996ல் வெளியிட்ட ஐசிக்யூ அரட்டை மென்பொருளை, 1998ல் அமெரிக்காவின் ஏஓஎல் 28.7 கோடி டாலர் உடனடியாகக் கொடுத்து வாங்கியது. அதற்குப் பிறகு யாரும் இஸ்ரேல் இளைஞர்களிடம் 'இதெல்லாம் நடக்குமா?' என்று கேட்கவில்லை.

தைவான் - மற்றவர்களுக்காக ஒரு தொழிற்சாலை

தைவான் வேறு வழியில் போனது. 1973ல் ஐடிஆர்ஐ என்ற அரசு ஆராய்ச்சி நிலையம், 1976ல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்திடமிருந்து சில்லு தயாரிக்கும் தொழில்நுட்பம், 1980ல் சின்சூ அறிவியல் பூங்கா என்று படிப்படியாகக் கட்டினார்கள். ஆராய்ச்சி நிலையத்திலிருந்தே யுஎம்சி என்ற கம்பெனி 1980ல் பிரிந்து வந்தது.

டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் கால் நூற்றாண்டு பணியாற்றிய மோரிஸ் சாங் 1985ல் ஐடிஆர்ஐ தலைவராக வந்தார். சொந்தமாகச் சில்லு வடிவமைக்காமல் மற்றவர்கள் வடிவமைத்ததைத் தயாரித்துக் கொடுக்க மட்டும் ஒரு தொழிற்சாலை என்பது அவரது யோசனை. பணம் போட உள்ளூர் முதலாளிகள் தயங்கினார்கள். கடைசியில் 1987ல் அரசு நிதி சுமார் 48 சதவீதமும் பிலிப்ஸ் நிறுவனம் சுமார் 28 சதவீதமும் போட, டிஎஸ்எம்சி தொடங்கியது.

இதன் பலன் தைவானோடு நிற்கவில்லை. அதற்கு முன்பு சில்லுத் தொழிலுக்கு வருபவர் பெரும் செலவில் தொழிற்சாலை கட்ட வேண்டும். டிஎஸ்எம்சி வந்த பிறகு, நாலு பேர் உட்கார்ந்து வடிவமைத்தால் போதும். 1993ல் தொடங்கிய அமெரிக்காவின் என்விடியா, 1997ல் யுஎம்சியிலிருந்து பிரிந்த மீடியாடெக் எல்லாம் சொந்தத் தொழிற்சாலை இல்லாமலே வளர்ந்தவை. பெரிய நஷ்டத்துக்கு வாய்ப்புள்ள பகுதியை ஒருவர் தன் தோளில் ஏற்றிக்கொண்டதால் பல நூறு பேர் லேசாக நடக்க முடிந்தது.

தென் கொரியா - ஜாமீன் கையெழுத்து

தென் கொரியாவில் சாம்சங், ஹூண்டாய், டேவூ போன்ற குடும்பக் குழுமங்கள்தான் எல்லாம். நல்ல மாணவர்கள் அங்கேதான் வேலைக்குப் போவார்கள். 1997ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. புதிய தொழில் நிறுவனங்களை ஊக்குவிக்கத் தனிச் சட்டம் வந்தது. அந்த ஆண்டின் இறுதியிலேயே நாணய நெருக்கடி வந்து நாடு ஐஎம்எஃப் வாசலில் நின்றது. 1999ல் டேவூவே விழுந்தது. 'பெரிய கம்பெனி வேலை என்றால் ஆயுசுக்கும் பயமில்லை' என்ற நம்பிக்கை உடைந்தது. சாம்சங்கின் ஒரு பிரிவுக்குள் சிறு முயற்சியாக இருந்த நேவர் தேடுதளம் 1999ல் தனி நிறுவனமானது. புதிய நிறுவனங்களுக்கான காஸ்டாக் பங்குச்சந்தை பறந்தது. 2000 மார்ச்சில் உச்சம் தொட்டு, அந்த ஆண்டு முடிவதற்குள் முக்கால் பங்குக்கு மேல் சரிந்தது.

சரிவு அமெரிக்காவிலும்தான் வந்தது. ஆனால் கொரியாவில் விழுந்தவர்கள் எழ முடியாததற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. நிறுவனம் கடன் வாங்கும்போது அதன் தலைவர் சொந்தப் பொறுப்பில் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்பது வழக்கம். கம்பெனி மூழ்கினால் கடன் வீட்டுக்கு வரும். ஒருமுறை தோற்றவர் ஆயுள் முழுக்கக் கடனாளி. அரசு நிதி நிறுவனங்கள் இந்த ஜாமீன் முறையை முழுவதுமாகக் கைவிட்டது 2018 ஏப்ரலில்தான். சட்டமும் சலுகையும் கொடுத்துவிட்டு, இந்த ஒரு கையெழுத்தை எடுக்க இருபது ஆண்டுகள் ஆயின.

பின்லாந்து - யானை சாய்ந்த பிறகு

2011ல் நோக்கியா ஆயிரக்கணக்கானோரை வேலையை விட்டு அனுப்பத் தொடங்கியது. கூடவே 'பிரிட்ஜ்' என்ற திட்டத்தையும் அறிவித்தது. சொந்தமாகத் தொழில் தொடங்க விரும்பும் ஊழியருக்கு ஆளுக்கு 25,000 யூரோ. நாலு பேர் சேர்ந்தால் ஒரு லட்சம் யூரோ. இதன் மூலம் பல நாடுகளில் சுமார் ஆயிரம் சிறு நிறுவனங்கள் உருவாயின.

அதற்கு முந்தைய ஆண்டு ஹெல்சிங்கியில் தொடங்கிய சூப்பர்செல் என்ற விளையாட்டு மென்பொருள் நிறுவனத்துக்கு, அதை நிறுவியவர்கள் போட்டது 2,50,000 யூரோ. அரசு அமைப்பான டெக்கேஸ் கொடுத்த கடன் 4,00,000 யூரோ. அவர்களின் முதல் விளையாட்டு எடுபடவில்லை. 2012ல் வந்த 'கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்' எடுபட்டது. 2013ல் 51 சதவீதப் பங்கு சுமார் 150 கோடி டாலருக்கு விற்றது. மருத்துவமும் கல்வியும் அரசு பார்த்துக்கொள்ளும் நாட்டில் முதல் முயற்சி தோற்றால் இரண்டாவது முயற்சிக்கு நேரம் கிடைக்கிறது.

இந்தியா - குடும்பமே முதலீட்டாளர்

இந்தியாவில் இந்த வேலையை நீண்ட காலம் குடும்பமே செய்தது. 1981ல் இன்ஃபோசிஸ் தொடங்கியபோது நாராயண மூர்த்தி தன் மனைவி சுதா மூர்த்தியின் சேமிப்பிலிருந்து 10,000 ரூபாய் வாங்கியது பிரபலமான கதை. அந்தப் பத்தாயிரம்தான் அங்கே துணிகர முதலீடு. 1991க்கு முன் லைசென்ஸ் கட்டுப்பாடுகளோடு மல்லுக்கட்டியதிலேயே பத்து ஆண்டுகள் போயின.

சென்னையில் இன்னொரு வழி தெரிகிறது. 1996ல் தொடங்கி, வெளி முதலீடு இல்லாமலே வளர்ந்த நிறுவனம் இன்றைய ஜோஹோ. அங்கே பணியாற்றிய கிரீஷ் மாத்ருபூதம் 2010ல் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி 2021ல் நியூயார்க்கின் நாஸ்டாக்கில் இடம்பிடித்தது. ஃபேர்சைல்டு தன்னை அறியாமல் செய்ததைச் சென்னையிலும் ஒரு கம்பெனி செய்திருக்கிறது. சம்பளம் வாங்கிக்கொண்டே தொழில் கற்கும் பள்ளிக்கூடமாக இருந்திருக்கிறது.

தொகுத்துப் பார்த்தால்

இந்த நாடுகளில் மதம், மொழி, கலாச்சாரம் எதுவும் ஒன்றல்ல. 'அவர்கள் ரத்தத்திலேயே வியாபாரம் இருக்கிறது' என்ற விளக்கம் எடுபடாது. 1992ல் இருந்த அதே இஸ்ரேல்காரர்கள்தான் 1993லும் இருந்தார்கள். மாறியது திட்டத்தின் விதி. அரசு பணம் கொட்டினால் போதும் என்பதும் சரியல்ல. ஜெர்மனி அதற்குச் சாட்சி.

ஜெயித்த இடங்களில் எல்லாம் பொதுவாக இருப்பது இதுதான். முதல் நஷ்டத்தின் பெரும்பகுதியைத் தாங்க அரசோ, பெரிய நிறுவனமோ, பங்கு வாங்கிய முதலீட்டாளரோ இருந்தார்கள். அப்படித் தாங்கியவர்கள் லாபத்தின் கதவை அடைக்கவில்லை. வேலையை விட்டு வெளியே போகவும், தோற்றால் திரும்பி வரவும் வழி இருந்தது.

பட்டம் வாங்கிவிட்டு வரும் இளைஞனிடம் 'வேலை தேடாதே, வேலை கொடு' என்று மேடையில் சொல்வது சுலபம். அவன் தோற்றால் 'சாமர்த்தியம் போதவில்லை' என்று சொல்வது அதைவிடச் சுலபம். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துத் தொழில் தொடங்கியவனையும், தோற்றால் பழைய வேலை காத்திருக்கும் என்று தெரிந்து தொடங்கியவனையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமல்ல. துணிச்சலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அந்தப் பத்திரத்தைப் பெட்டியிலேயே வைத்துவிட்டுத் தொழில் தொடங்க ஒரு வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.